முதலில் தண்ணீர், அப்புறம் விளக்கு: ரூட் 66 மோட்டல் ஒன்றுக்கு மானியம் வாங்கிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி நகருக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊர், அங்கே பழைய ரூட் 66 மேல் ஒரு குடும்ப மோட்டல். அந்தக் குடும்பத்துக்கு நான் கணக்கு பார்ப்பவன், மானிய விண்ணப்பத்தின் எண்கள் பகுதியும் என் தலையில்தான் வந்தது. ஊர், மோட்டல், ஆட்கள் பெயரெல்லாம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு அரசு மானியத்துக்கு அலையும் யாருக்காவது உதவும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பின்னணி

ரூட் 66 இன்றைக்கு அதிகாரபூர்வமாக ஒரு நெடுஞ்சாலையே அல்ல. 1926 நவம்பர் 11-இல் எண் கிடைத்து, சிகாகோவில் தொடங்கி 8 மாநிலங்களைக் கடந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும், 1936-க்கு அப்புறம் சாண்டா மோனிகா வரைக்கும் சுமார் 2,400 மைல் ஓடிய சாலை அது. 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு போடப்பட்ட இன்டர்ஸ்டேட் (மாநிலங்களுக்கிடையேயான விரைவு) சாலைகள் ஒவ்வொரு ஊராக அதை ஒதுக்கிவிட்டுப் போயின. 1984 அக்டோபரில் அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊரையும் ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட் சுற்றிக்கொண்டு போனது, 1985 ஜூனில் எண்ணையே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஊர் நடுவே ஓடும் பழைய தெருக்களும் அவற்றின் ஓரத்துப் பெட்ரோல் பங்க், உணவகம், பாலம், மோட்டல்களும்தான்.

மோட்டல்களின் கதை கொஞ்சம் வேறு. சுற்றுச்சாலை வந்ததும் வண்டிகள் நின்றுபோயின, வியாபாரம் படுத்தது, விற்பனை விலை இறங்கியது. விலை இறங்கியதால்தான் பெரிய முதல் இல்லாத குடியேறிகளால் அவற்றை வாங்க முடிந்தது. குஜராத்திலிருந்து நேராகவும் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகவும் வந்த குடும்பங்கள் அலுவலக அறைக்குப் பின்னாலேயே குடியிருந்துகொண்டு, படுக்கை விரிப்பைத் தாங்களே துவைத்து, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளை அறை கூட்ட வைத்து, சம்பள ஆள் இல்லாமல் ஓட்டினார்கள். இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருப்பதற்கு அடித்தளம் இதுதான். ரூட் 66 பற்றி எழுதுபவர்கள் நியான் விளக்கையும் பழைய காரையும் எழுதுவார்கள். ஆளே வராத அந்த வருடங்களில் பல கட்டடங்கள் இடிபடாமல் நின்றதற்கு இந்தக் குடும்பங்களும் காரணம் என்பதை எழுதுபவர்கள் குறைவு, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்த மோட்டலையும் இப்போதைய உரிமையாளரின் அப்பா 1980-களில் அப்படித்தான் வாங்கினார். 1940-களில் கட்டிய, எல் வடிவத்தில் அமைந்த 14 அறைகள். சுவர் பச்சைக்கல், அதாவது களிமண், மணல், வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த சுடாத கல். மேலே சிமெண்ட் பூச்சு, தட்டைக் கூரை, சுற்றிக் கைப்பிடிச்சுவர். சாலையோரம் இரும்புக் கம்பத்தில் பெரிய நியான் பலகை. நான் கணக்கு பார்க்கத் தொடங்கிய 2010-களின் தொடக்கத்தில் அந்தப் பலகை எரியவில்லை, 14 அறைகளில் 3 பூட்டிக் கிடந்தன.

மானியம் என்பது என்ன

1999 ஆகஸ்டில் அமெரிக்க காங்கிரஸ் ரூட் 66 பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது, பொதுச் சட்டம் 106-45. தேசியப் பூங்காத் துறை சாண்டா ஃபேயில் ஒரு சிறு அலுவலகம் வைத்து அதை நடத்தியது. 10 ஆண்டுக்கு 1 கோடி டாலர் வரை செலவழிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், வருடாவருடம் உண்மையில் ஒதுக்கியது அதைவிட மிகக் குறைவு. 2009-இல் இன்னும் 10 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அதனால் ஒரு இடத்துக்குக் கிடைத்தது கோடிக்கணக்கில் எல்லாம் இல்லை, சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் டாலர் வரைதான்.

ஆனால் இதில் ஒரு அரிய விஷயம் இருந்தது. வழக்கமாகப் பாரம்பரியக் கட்டட மானியங்கள் ஊராட்சிக்கோ லாப நோக்கற்ற அமைப்புக்கோ போகும், இது தனியார் உரிமையாளருக்கும் கிடைத்தது. ரூட் 66-இன் அடையாளங்கள் பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்களின் சொத்து என்பதால் வேறு வழியும் இல்லை.

அப்போது நிபந்தனைகள் நாலு. சட்டம் முக்கியமாகக் குறிப்பிடும் 1926 முதல் 1970 வரையிலான காலத்தோடு அந்த இடத்துக்குத் தொடர்பு இருக்க வேண்டும், தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்க வேண்டும் அல்லது அதற்குத் தகுதி இருக்க வேண்டும். கேட்கும் ஒவ்வொரு டாலருக்கும் உரிமையாளர் ஒரு டாலர் போட வேண்டும், அது ரொக்கமாகவும் இருக்கலாம், உழைப்பாகவோ பொருளாகவோ கூட இருக்கலாம். வேலை, வரலாற்றுக் கட்டடங்களுக்கான உள்துறைச் செயலரின் தரவிதிகளின்படி நடக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் ஆளை அடிக்கும்: முதலில் நீ செலவழி, ரசீதைக் காட்டு, அப்புறம் பணம்.

பார்த்தது

உரிமையாளர் மானியம் கேட்க நினைத்தது நியான் பலகைக்காக. அவருடைய காரணம் வெறும் ஆசை இல்லை. அப்பா வாங்கிய காலத்தில் நெடுஞ்சாலையோரப் போட்டி மோட்டல்கள் சில, 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று பலகை வைத்தே வாடிக்கையாளரை இழுத்தன. நாடு முழுக்க அப்போது நடந்த விஷயம்தான் அது. அந்த நேரத்தில் தங்களுக்காகப் பேசியது இந்தப் பழைய நியான் பலகை ஒன்றுதான் என்று அப்பா சொல்வாராம். பலகை எரிந்தால் வண்டி நிற்கும், எரியாவிட்டால் ஊரில் ஆள் இருப்பதே தெரியாது. வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் எனக்கு அது சரியாகவே பட்டது.

பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் மூலம், பச்சைக்கல் கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு கட்டடக் கலைஞர் இலவசமாக வந்து பார்த்தார். பலகைக்கு அடியில் அவர் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது, நேராகப் பூட்டிய அறைகளின் பின்பக்கம் போனார். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சிமெண்ட் பூச்சு வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. விரிசல் ஒன்றில் தன் கார் சாவியை நுழைத்தார். சாவி கைப்பிடி வரைக்கும் தடையில்லாமல் உள்ளே போனது, வெளியே இழுத்தபோது ஈரக் களிமண் ஒட்டிக்கொண்டு வந்தது. நியூ மெக்சிகோ மாதிரி வறண்ட ஊரில், மழை பெய்து பல வாரம் ஆன பின்பும் சுவருக்குள் ஈரம்.

காரணத்தை அவர் மேலிருந்து கீழாகக் காட்டினார். கைப்பிடிச்சுவரின் தலைப்பில் பூச்சு வெடித்திருக்கிறது, தண்ணீர் அங்கே இறங்குகிறது. கூரைத் தண்ணீரை வெளியே தள்ளும் தூம்புகளின் வாய் துருப்பிடித்து உடைந்து குட்டையாகிவிட்டதால், தண்ணீர் தள்ளி விழாமல் சுவரோடு வழிகிறது. கீழே, வண்டி நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று பிற்காலத்தில் சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளம் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மூன்று வழியில் வந்த தண்ணீர் வெளியேற முடியாமல் சிமெண்ட் பூச்சு மூடி வைத்திருக்கிறது. பச்சைக்கல் காய்ந்திருக்கும்வரை சுமை தாங்கும், நனைந்தால் சேறு, சேறு தன் எடையிலேயே சரியும். வெளியே பூச்சு திடமாக நிற்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

பலகையின் நிலை அவ்வளவு மோசமில்லை. தகரப் பெட்டியின் மேல்மூடியில் ஓட்டை, உள்ளே பறவைக்கூடு, கண்ணாடிக் குழாய்களில் பாதி உடைந்தவை. வர்ணம் வெளுத்திருந்தாலும் எழுத்துகளின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. இரும்புக் கம்பம் உறுதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதற்குக் கேட்பது. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டால் மொத்தத் தொகை உரிமையாளரின் பங்கைத் தாங்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோகும். பலகைக்கு மட்டும் கேட்டால், பின்னால் மூன்று அறை சரிந்துகொண்டிருக்கும்போது முன்னால் விளக்கு போடுகிற கதை. அந்தக் குடும்பத்தில் இதற்காக ஒரு வாரம் பேச்சுவார்த்தை சரியில்லாமல் இருந்தது. மகனான உரிமையாளர் பலகை பக்கம், அம்மா கூரை பக்கம் (ஒழுகுகிற அறையில் வாளி வைப்பது அவர்தான்). கடைசியில் தீர்மானித்தது கட்டடக் கலைஞர் சொன்ன ஒரு நியாயம்: பலகை இன்னும் ஐந்து வருடம் காத்திருக்கும், நனைந்த சுவர் காத்திருக்காது. அதனால் மானியம் தண்ணீருக்கு என்று முடிவானது. பலகைக்கு அப்போதைக்குச் செய்தது நான்கே வேலை. மின்சாரத்தைத் துண்டித்தோம், மேல் ஓட்டையை மூடினோம், நல்ல குழாய்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தோம், ஒவ்வொரு பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம்.

இரண்டாவது, தேசியப் பதிவேடு. பதிவேட்டில் ஏறினால் இடம் அரசு கைக்குப் போய்விடும், ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்று உறவினர் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். உண்மை அப்படி இல்லை. சொந்தப் பணத்தில் சொந்தக் கட்டடத்தை என்ன செய்தாலும் தேசியப் பதிவேடு தடுக்காது, இடித்தால்கூடத் தடுக்காது. அரசுப் பணமோ அனுமதியோ உள்ளே வரும்போதுதான் 1966 வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, வேலை கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைக் கெடுக்குமா என்ற ஆய்வு வரும். உள்ளூராட்சியின் விதிகள் தனி, அந்த ஊரில் அப்படி ஒன்று இல்லை. இருந்தும் பயம் போக நேரம் பிடித்தது, அதனால் பதிவேட்டில் ஏற்றுவதைத் தள்ளிவைத்து, தகுதி உண்டு என்ற தீர்மானத்தை மட்டும் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் கேட்டோம். மானியத்துக்கு அதுவே போதும். நியூ மெக்சிகோவின் ரூட் 66 கட்டடங்களுக்கான பொதுவான வரலாற்று ஆவணம் ஏற்கெனவே இருந்ததால், நாம் புதிதாக எழுத வேண்டியது இந்தக் கட்டடத்தின் சொந்தக் கதை மட்டும்தான். அதற்குக் கைகொடுத்தது ஒரு பழைய வண்ண அஞ்சலட்டை. ஒரு வீட்டு அலமாரியில் கிடந்தது. தூம்புகளின் நீளம், கதவு நிறம், பலகையின் முதல் தோற்றம் எல்லாம் அதில் இருந்தன.

மூன்றாவது, சிமெண்ட் பூச்சை என்ன செய்வது. பச்சைக்கல்லுக்குச் சிமெண்ட் பகை என்பது பாடப்புத்தக நியாயம், எல்லாவற்றையும் உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்றுதான் நான் படித்ததும் சொன்னது. ஆனால் இங்கே சிமெண்ட் பூச்சு கட்டியபோதே போட்டது, அஞ்சலட்டையும் அதைத்தான் காட்டியது. அப்படியென்றால் அதுவும் வரலாற்றுப் பகுதி, தரவிதிப்படி முடிந்தவரை பழுதுபார்க்க வேண்டியது. மேலும் கோழிவலைக் கம்பியும் ஆணியும் வைத்துப் பிடித்திருக்கும் பூச்சை மொத்தமாக உரித்தால் கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். எனவே வீங்கிய அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, காயவிட்டு, கரைந்த கல்லை அதே வகைக் கல்லும் மண் சாந்தும் வைத்து மாற்றி, மேலே உள்ள திடமான பூச்சைத் தொடாமல் விடுவது என்று முடிவு. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரை நிறுத்துவது: கைப்பிடிச்சுவர்த் தலைப்பு, தூம்பு, கூரை, கான்கிரீட் தளத்தில் சுவரை ஒட்டிய ஒரு பட்டையை வெட்டி எடுத்து ஜல்லி நிரப்புவது.

நான்காவது, பணம். மொத்த மதிப்பீடு 38,000 டாலர், கேட்டது 19,000. குடும்பத்தின் பாதியில் மூன்றில் ஒரு பங்கை உழைப்பாகக் காட்டினோம், கான்கிரீட் உடைப்பது, மண் அள்ளுவது, உள்பூச்சு, சாயம் எல்லாம் அவர்களே. மீதி ரொக்கம். ஆனால் முன்பணம் போட வேண்டியது ரொக்கப் பங்கை மட்டும் அல்ல, திரும்ப வரப்போகும் 19,000-ஐயும் சேர்த்து. வங்கி, மூன்று அறை பூட்டிக் கிடக்கும் மோட்டலுக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் டெக்சஸில் மோட்டல் நடத்தும் உறவினர் கைமாற்றாகக் கொடுத்தார், வட்டி இல்லை, எழுத்து இல்லை. இந்தச் சமூகத்தில் இது சகஜம். ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கைமாற்று இல்லையென்றால் மானியம் அறிவிக்கப்பட்டும் பயன்பட்டிருக்காது. சின்ன உரிமையாளர்களுக்கு என்று சொல்லிக்கொள்ளும் திட்டம், கையில் இரட்டிப்புப் பணம் புரட்ட முடிந்தவருக்குத்தான் நடைமுறையில் எட்டியது.

நடந்தது

விண்ணப்பம் போன பின்பு முடிவு தெரிய மாதங்கள் ஆயின. அதற்குள் ஜூலை வந்தது, நியூ மெக்சிகோவில் அதுதான் மழைக்காலத் தொடக்கம், மாலை நேரத்து இடிமழை. கூரையை இப்போதே ஒட்டிவிடலாம் என்றார் உரிமையாளர், வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவு எதுவும் கணக்கில் சேராது, ஆய்வுக்கு முன் கட்டடத்தைத் தொட்டால் மானியமே சிக்கலாகும். ஆக, தார்ப்பாய். பூட்டிய அறைகளின் மேல் மணல் மூட்டை வைத்து இறுக்கி, உடைந்த தூம்புகளில் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் குழாய் செருகித் தண்ணீரைத் தள்ளி விழவைத்தோம். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. செலவு முழுவதும் சொந்தப் பணம். இது பார்க்க அசிங்கமாக இருந்தது, முன் அறைகளில் தங்கியவர்கள் இணையத்தில் அதைக் குறிப்பிட்டு ஒரு நட்சத்திரம் குறைத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் மானியம் கிடைத்தது, கேட்ட தொகையே கிடைத்தது. அப்புறம் 106-ஆம் பிரிவு ஆய்வு. அதில் ஒரு நல்ல கேள்வி வந்தது. காண்ட்ராக்டர் கூரைக்கு நுரை தெளிப்பதாகச் சொல்லியிருந்தார், அங்கே பரவலாகச் செய்வதுதான், ஒழுகலும் நிற்கும், வெப்பமும் தடைபடும். ஆனால் நுரையைக் கைப்பிடிச்சுவரின் மேல் வரை ஏற்றிப் போர்த்தினால் அதன் விளிம்பு உருண்டு, சாலையிலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் தலைக்கோடே மாறிவிடும். சுவரின் உள்முகத்தோடு நிறுத்தி, தலைப்பை மட்டும் தனியாகப் பூசச் சொன்னார்கள். காண்ட்ராக்டர் முணுமுணுத்தார், செய்தார்.

வேலை தொடங்கியபின் எதிர்பாராதது ஒன்று. பின்பக்கச் சுவர் ஒன்றில் கூரை உத்தரங்களின் முனைகள் உளுத்திருந்தன, கையால் பிய்த்தால் வந்தது. இது மதிப்பீட்டில் இல்லை. வேலையின் அளவு மாறினால் முதலில் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், காண்ட்ராக்டரின் ஆட்களோ அங்கே சம்பளத்தில் நிற்கிறார்கள். முட்டுக் கொடுத்து அந்த அறையை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டு அறைகளுக்கு ஆட்களை மாற்றினோம். ஒப்புதல் வந்தது, கூடுதல் பணம் வரவில்லை. முனைகளை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்த செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்.

உழைப்புக் கணக்கிலும் கொஞ்சம் இழுபறி. மகன் தான் வேலை செய்த நேரத்தைச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நேர்மையான கணக்குதான், சந்தேகமில்லை. ஆனால் யார், எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணி, கையெழுத்து, இத்தனையும் உள்ள தாள்தான் தணிக்கையில் நிற்கும். காலண்டரை வைத்துத் தாள்களை நிரப்பி, படங்களின் தேதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். உறுதிப்படுத்த முடியாத நாட்களை விட்டுவிட்டோம், மற்ற நாட்களே பங்குக்குப் போதுமானதாக இருந்தன.

பணம் வந்தது வேலை முடிந்து அறிக்கையும் முன்-பின் படங்களும் கொடுத்த பின்பு. உறவினரின் கைமாற்று அன்றே திரும்பியது.

விளைவு

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் சுவரைத் தொடவில்லை. பூட்டியிருந்த மூன்றில் இரண்டு அறைகள் வாடகைக்குத் திரும்பின. மூன்றாவதில் அடிச்சுவர் ஈரம் குறைந்தாலும் முழுதாகப் போகவில்லை, பக்கத்து மனையின் தரைமட்டம் உயரமாக இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று கட்டடக் கலைஞர் நினைக்கிறார். அதைப் பொருட்கள் வைக்கும் அறையாக வைத்திருக்கிறார்கள்.

பலகைக்கு அடுத்த சுற்றில் விண்ணப்பித்தோம், தேர்வாகவில்லை. அதைவிட அவசரமான இடங்கள் இருந்தன என்ற பதிலில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை, முதல் சுற்றில் நாம் சொன்ன வாதமே அதுதான். குடும்பம் சொந்தப் பணத்தில் இரண்டு கட்டமாகச் செய்தது. முதலில் தகரமும் வர்ணமும். மணல் வீசிச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லி, வெளுத்த வர்ணத்தின் அடியில் இருந்த நிறங்களைப் பார்த்து அதையே திரும்பப் பூசினார்கள். அடுத்தது குழாய். எல்இடி பட்டை போட்டால் பாதிச் செலவு, மின்சாரமும் மிச்சம் என்று ஒரு விளம்பரப் பலகைக் கடைக்காரர் அழுத்தமாகச் சொன்னார். இது சொந்தப் பணம், தடுக்க எந்த விதியும் இல்லை. ஆனாலும் மகன் மறுத்துவிட்டார். பழைய படங்களின் அளவை வைத்து அல்புகெர்க்கியில் ஒருவர் கண்ணாடிக் குழாயை நெருப்பில் வளைத்துக் கொடுத்தார். செம்மஞ்சள் எழுத்துகளுக்கு நியான் வாயு, நீலத்துக்கு ஆர்கானும் துளிப் பாதரசமும். பழைய 15,000 வோல்ட் மின்மாற்றிகளை எடுத்துவிட்டு, மின்கசிவு வந்தால் தானே அணையும் புது வகை வைத்தார்கள். பெட்டியில் எடுத்து வைத்த பழைய குழாய்களில் சில அப்படியே எரிந்தன, அதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பலகை எரிய ஆரம்பித்த பின்பு நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு ஒருபக்கமாகிவிடும். கூரைக்காக ஒரு வண்டிகூட நிற்கவில்லை, பலகைக்காக நிற்கின்றன. அந்தி நேரத்தில் ஐரோப்பியப் பயணிகள் சாலை நடுவில் நின்று படம் எடுக்கிறார்கள், அதில் சிலர் அறை கேட்கிறார்கள். அதே வருடம் இணையப் பதிவுக்கும் மாறியதால், கூடிய வரவில் எவ்வளவு பலகையால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உரிமையாளர் ஆரம்பத்தில் சொன்ன வியாபார நியாயம் சரிதான். நாம் மாற்றியது வரிசையைத்தான். அந்த வரிசை சரி என்றே இன்னும் நினைக்கிறேன், ஏனென்றால் வந்தவர்களைத் தங்க வைக்க அந்த இரண்டு அறைகள் தேவைப்பட்டன.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மதிப்பீட்டுக்கு முன்பே பின்சுவரில் ஒரு இடத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். உத்தர முனையின் நிலை அப்போதே தெரிந்திருந்தால் அந்தச் செலவும் விண்ணப்பத்துக்குள் போயிருக்கும். வரலாற்றுக் கட்டடத்தைத் திறப்பதற்கே தயங்குவார்கள், கையளவு இடத்தைத் திறந்து படம் எடுத்து மூடுவதற்கு மாநில அலுவலகத்திடம் முன்கூட்டிக் கேட்டால் போதும்.

செலவு முழுவதையும் முன்பணமாகப் புரட்டுவதற்கான வழியை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைமாற்று எல்லா வீட்டிலும் கிடைக்காது. உள்ளூர்ப் பாதுகாப்புச் சங்கங்கள் ஒரு சிறு சுழல்நிதி வைத்து, மானிய ஒப்பந்தத்தைக் காட்டுபவருக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். நாங்கள் எங்கள் பகுதிச் சங்கத்திடம் இதைச் சொன்னோம், இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.

பதிவேட்டில் ஏறுவதைத் தள்ளிப்போட்டதில் ஒரு நஷ்டம் உண்டு. வருமானம் தரும் பதிவுபெற்ற கட்டடத்தைத் தகுந்தபடி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச்சலுகை கிடைக்கும். ஆனால் செலவு கட்டடத்தின் மதிப்பைத் தாண்டியாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு (கணக்குப்படி தேய்மானம் போக மிஞ்சிய மதிப்பு, அதுவும் குறைந்தது 5,000 டாலர்). பல வருடம் தேய்மானம் எடுத்த பழைய மோட்டலுக்கு அந்த மதிப்பு மிகக் குறைவாகவே இருக்கும், எட்ட முடியாத நிபந்தனை அல்ல. மானியத்தில் வந்த பகுதிக்கு இல்லாவிட்டாலும், குடும்பம் போட்ட ரொக்கத்துக்காவது இதைப் பார்த்திருக்கலாம். இப்போது பதிவேட்டுக்கான வேலை நடக்கிறது.

வரி பற்றி ஒன்று, கணக்காளனாகச் சொல்வது. தனியார் தொழிலுக்கு வரும் இந்த மானியத்தை வந்த வருடத்தின் வருமானமாகவே காட்டினோம். கூரை வேலையோ மூலதனச் செலவு, எங்கள் கணக்கில் அந்தத் தேய்மானம் 39 ஆண்டுக்குப் பரவியது. ஆகவே கையில் பணம் மிஞ்சாத வருடத்தில் வரி மட்டும் கூடியது. முன்கூட்டித் தெரிந்ததால் அந்தக் காலாண்டுகளின் முன்வரியை உயர்த்தி வைத்தோம், அபராதம் வரவில்லை. இந்தத் தொகையை விண்ணப்பம் போடும்போதே செலவுப் பட்டியலின் கீழே தனி வரியாக எழுதி உரிமையாளரிடம் காட்டிவிடுவது நல்லது. மானியம் அதைக் கொடுக்காது, ஆனால் அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.